கறுவா இலையும் கொய்யா இலையும்: ஒரு ராட்சதப் பட்டு அந்துப்பூச்சியை வளர்த்த எட்டு மாதங்கள்

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட பக்கத்துக் காம்பரா (ஓரறை வீடு) அக்காதான் முதலில் பார்த்தார். ஒக்டோபர் முதல் வாரம், இரவெல்லாம் மழை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தொங்கலில் புதிதாகப் போட்ட எல்.ஈ.டி. விளக்கு விடிந்தும் எரிந்துகொண்டிருந்தது. "டீச்சர், ஓடியாங்க! சுவத்துல ரெண்டு பாம்புத் தல!" என்று அவர் போட்ட சத்தத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடினேன்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் விரிந்த கைக்குட்டை அளவுக்கு ஒரு அந்துப்பூச்சி. செங்கல் நிறம். நான்கு சிறகிலும் கண்ணாடித் துண்டு பதித்ததுபோல முக்கோண வடிவில் செதில் இல்லாத இடம். முன்சிறகுகளின் நுனி வளைந்து, கண் வைத்த பாம்புத் தலை மாதிரியே இருந்தது. பாடசாலை அடிமட்டத்தை அருகில் பிடித்துப் பார்த்தேன்: நுனிக்கு நுனி 21 சென்ரிமீற்றர். ஓரங்கள் கிழிந்திருந்தன. வயிறு பருத்திருந்தது, உணர்கொம்பு மெலிந்திருந்தது. அதனால் பெண் என்று தெரிந்தது.

அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவங்க யாரோ பாத்துட்டுப் போக வந்திருக்காங்க, வெரட்டாத" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக லயத்துப் பிள்ளைகள் யாரும் அதன்மேல் கல்லெறியவில்லை. இந்த ஆய்வு நடந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

மறுநாள் காலை சுவரிலும், கீழே சாத்திவைத்திருந்த ஈர்க்கு விளக்குமாற்றிலும், நான் கழற்றிப் போட்டிருந்த மழைக்கோட்டிலும் முட்டைகள். சற்றுத் தட்டையான உருண்டை, 2.5 மில்லிமீற்றர் வரும், பழுப்புப் பசையால் ஒட்டியிருந்தன. எண்ணினேன்: 126. அடுத்த இரவுகளிலும் ஒன்றிரண்டு இட்டது. ஐந்தாம் நாள் சுவரடியில் செத்துக் கிடந்தது.

நான் இருப்பது கண்டி மாவட்டத்தில் கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று நான்கு அம்புக்குறி போட்ட வட்டத்தை எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அந்த வட்டத்தில் இலை எங்கே என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. 126 முட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பொரித்தால் இவற்றுக்கு எதைப் போடுவது என்று முழித்தபோதுதான் அந்தப் படத்தில் உள்ள ஓட்டை தெரிந்தது.

யார் இது

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இந்த அந்துக்கு அட்டகஸ் டப்ரோபானிஸ் என்று பெயர். 1880களில் பிரடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர் வைத்தது. டப்ரோபானே என்பது பழைய கிரேக்கர் இலங்கையைச் சொன்ன பெயர். தாமிரபரணி என்ற சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலியில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த இரண்டு கரையும்தான் இதற்கும் ஊர். முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லை.

தென்கிழக்காசியா வரை பரந்திருக்கும் அட்லஸ் அந்து இதன் நெருங்கிய உறவு. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758 இலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். சிறகு விரித்தால் 24 சென்ரிமீற்றர் வரை போகும். அட்டகஸ் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அட்லஸைப் பற்றியதே. அதனால் நான் முதலில் கையில் எடுத்த உணவுத் தாவரப் பட்டியலும் அட்லஸுடையது. கறுவா, கொய்யா, எலுமிச்சை, பெருமரம், சிங்களத்தில் கட்டு அனோதா என்றும் யாழ்ப்பாணத்தில் அன்னமுன்னா என்றும் சொல்கிற மரம், கொயினா மருந்து எடுக்கும் சின்கோனா, தேயிலை என்று அது நீளும்.

சின்கோனாவும் தேயிலையும்! மலையகத்தின் வரலாறே அதில் இருக்கிறது. 1861 இல் ஹக்கல தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கியதே சின்கோனாவுக்காக. எங்களுக்கு அடுத்த மலையான லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869 இல் கோப்பியில் துரு நோய் விழுந்தது. அதற்குப் பிறகு மலை முழுக்கத் தேயிலைதான். ஆகவே இந்தப் பூச்சிக்கு இங்கே சாப்பாட்டுப் பஞ்சமே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். தவறு. அதைப் புரிந்துகொள்ளப் பதினைந்து புழுக்கள் சாக வேண்டியிருந்தது.

பொரித்த நாளும் நான்கு பெட்டிகளும்

சுவரிலிருந்த முட்டைகளைச் சுரண்டவில்லை. சுரண்டினால் ஓடு உடையும். ஈரத் தூரிகையால் பசையை ஊறவிட்டு, மெல்லிய அட்டை ஒன்றைச் செருகித் தளர்த்தி எடுத்தேன். பதினான்காம் நாள் விடியற்காலையில் பொரிக்கத் தொடங்கின. சூடான ஊர்களில் பத்து நாளிலேயே பொரிக்கும். எங்கள் பக்கம் ஆயிரம் மீற்றர் உயரம், அதுவும் மழைக்குளிர். மூன்று நாளில் 109 குஞ்சுப் புழுக்கள் வந்தன. கருமையான உடம்பு, வெள்ளை முட்கள், அரிசியை விட நீளம் குறைவு. பொரித்த கையோடு முட்டை ஓட்டைக் கடித்துத் தின்றன. பிறகு நடந்தன. அந்தச் சின்னக் காலோடு அவ்வளவு தூரம் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. இலையைத் தேடுகிற நடை அது.

நான்கு பெட்டிகளாகப் பிரித்தேன். கொய்யாவில் 40, கறுவாவில் 40, தேயிலையில் 15, கட்டு அனோதாவில் 14. தேயிலைக்கு, வேலியோரத்தில் கவ்வாத்து (கிளை வெட்டு) படாமல் மரமாக வளர்ந்துவிட்ட ஒரு செடியிலிருந்து, மருந்து அடிக்காத இளங்கொழுந்து.

தேயிலைப் பெட்டியில் பதினொன்று இலையைத் தொடவே இல்லை. நான்கு ஓரத்தைக் கொறித்தன, ஊசிக் கண் அளவு. ஐந்தாம் நாள் பெட்டி சும்மா கிடந்தது. தேயிலையை இது தின்னாது என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன், பதினைந்து புழு ஒரு கணக்கே அல்ல. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. "இந்த இலையில் கண்டதாகப் பதிவு" என்பது ஒன்று, அந்த இலையில் பிறந்து வளர்ந்து கூடு கட்டுவது வேறு. வளர்ந்த புழு ஒன்று வழிதவறி ஏறிக் கடித்திருந்தாலும் பட்டியலில் அந்தச் செடியின் பெயர் ஏறிவிடும். பட்டியலைப் பார்த்துப் புழு வளர்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மற்ற மூன்று பெட்டிகளிலும் அன்றிரவே தின்னத் தொடங்கிவிட்டன. கறுவா லோரேசியே குடும்பம், கொய்யா மிர்டேசியே, அனோதா அனோனேசியே. தாவரவியலில் கறுவாவும் அனோதாவும் தூரத்து உறவு, கொய்யாவோ அவற்றுக்கு வெகு தூரம். அப்படியானால் புழுவுக்கு இவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது? இலைகளைக் கையில் கசக்கிப் பார்த்தேன். மூன்றும் மணக்கின்றன. எலுமிச்சையும் மணக்கும். பெருமரம் நாறும், சில ஊர்களில் அதன் பெயரே பீநாறி. பச்சைத் தேயிலையைக் கசக்கினால் புல் வாசம்தான். தேயிலை மணப்பது இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வாடி, அரைபட்டு, புளித்த பிறகு. இது என் ஊகம் மட்டுமே, நிரூபணம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்தச் செடியைப் பார்த்தாலும் இலையைக் கசக்கி மூக்கில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

தோல்கள்

குடம்பி ஐந்து தடவை தோல் கழற்றியது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாளோ ஒன்றரை நாளோ தலையைத் தூக்கி அசையாமல் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து எடுத்தெறியக்கூடாது. அந்த நேரத்தில் இலையிலிருந்து பிய்த்து எடுத்தாலும் செத்துவிடும், ஏனென்றால் பழைய தோலைப் பட்டு நூலால் இலையோடு கட்டிவைத்துவிட்டுத்தான் அதிலிருந்து வெளியே நடக்கிறது.

இரண்டாம் தோலிலிருந்து உடம்பு முழுக்க வெள்ளை மெழுகுத் தூள் படிந்தது. மாவு தூவின மாதிரி. பக்கவாட்டில் செம்மஞ்சள் திட்டுகள். தொட்டால் தூள் விரலில் ஒட்டும், மழைத்துளி உருண்டு ஓடிவிடும். சீண்டினால் பக்கத்திலிருந்து நாற்றமுள்ள ஒரு நீரைப் பீய்ச்சும். எறும்பையும் ஓணானையும் விரட்ட அது போதும். என் மாணவன் ஒருவனின் மூக்குக் கண்ணாடியில் ஒரு தடவை பட்டது. அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் குச்சியால் குத்தவில்லை.

கடைசித் தோலில் நிறம் நீலப்பச்சைக்கு மாறிவிட்டது. பின்பக்கப் பற்றுகால்களில் செம்மஞ்சள் வளையம். என் கையில் அதிகம் வளர்ந்தது 11 சென்ரிமீற்றர், என் பெருவிரலை விடத் தடிமன். தின்கிற வேகத்தைக் கேட்கலாம்: இரவில் மழை விட்ட நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் யாரோ காகிதம் கிழிப்பது போல ஒரு சத்தம். அதுவரை தின்ற எல்லாவற்றையும் விட அதிகமாக இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தின்கிறது. காரணம் இருக்கிறது. நிறைவுடலிக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. சிறகு முளைத்த பிறகு ஒரு துளி தேனும் குடிக்காது. பறப்பது, துணை தேடுவது, முட்டை உண்டாக்குவது எல்லாம் புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் நடக்கும்.

கொய்யா மரம் விழுந்த கதை

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பாடசாலை விட்டு வந்தபோது கொய்யா மரம் இல்லை.

மரம் எனக்குச் சொந்தமில்லை. இரண்டு காம்பரா தள்ளி இருப்பவர்களுடையது. நான் பெட்டியில் வளர்த்தது போக, சில புழுக்களை அந்த மரத்திலேயே விட்டிருந்தேன். அவை போட்ட கறுப்பு எச்சம் உடுப்புக் கல்லில் விழுந்திருக்கிறது. அங்கே உடுப்புத் துவைக்கிறவர்களைச் சுணைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் மரத்தை வெட்டிவிட்டார்கள். இந்தப் புழுவுக்குச் சுணை கிடையாது. முள் மாதிரி இருப்பது மென்மையான சதைமுனை. முதலிலேயே அவர்களைக் கூப்பிட்டு, என் கையில் புழுவை ஏற்றிக் காட்டியிருந்தால் மரம் நின்றிருக்கும். காட்டவில்லை. குற்றம் என்மேல்தான்.

கொய்யாப் பெட்டியில் அப்போது 31 புழு உயிரோடு இருந்தது, மூன்றாம் தோல். அடுத்த கொய்யா மரம் கான் (வடிகால்) ஓரமாக இருபது நிமிட ஏற்றம். அவ்வளவு இலையைத் தினமும் சுமக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். பத்துப் புழுவைக் கொய்யாவில் வைத்துவிட்டு, 21 ஐக் கறுவாவுக்கு மாற்றினேன். பக்கத்துப் பெட்டியில் கறுவாவைத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தவை இவற்றின் கூடப் பிறந்தவைதானே, என்ன ஆகப்போகிறது?

21 இல் ஆறுதான் தின்றன. மீதி 15 கறுவா இலைமேல் ஏறி இறங்கி, பெட்டி மூடிவரை நடந்து, மூலையில் சுருண்டு, நான்கு ஐந்து நாளில் செத்தன. இலை கிடைக்காமல் சாகவில்லை. உடன்பிறப்புகளை வாழவைத்த அதே இலையின் நடுவில் பட்டினி கிடந்து செத்தன.

இதற்கு விளக்கம் இருக்கிறது. ஒரு இலையில் தின்னத் தொடங்கிய புழுவின் வாய்ப்புறச் சுவையுணர் கலங்கள் அந்த இலையின் வேதிப்பொருளுக்குப் பழகிவிடும். பிறகு அந்தப் பொருள் இல்லாத இலை அதன் வாய்க்கு உணவாகவே தெரியாது. புகையிலைக் கொம்புப் புழு போன்ற இனங்களில் இதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பட்டு அந்து வளர்ப்பவர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயமும் இதுதான். "பல தாவரங்களை உண்ணும்" என்று ஒரு இனத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். இனம் பலதை உண்ணும். தனி ஒரு புழு, பெரும்பாலும் தான் தொடங்கிய இலையைத்தான் உண்ணும். இந்த முழு ஆய்விலும் நான் கற்றுக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான்.

இதைக் கொஞ்சம் நீட்டி யோசித்தால் தாயின் வேலை புரிகிறது. பெண் அந்து உணர்கொம்பால் மணம் பிடித்து, காலால் இலையைச் சுவைத்து, அடிப்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வைக்க வேண்டியது. முட்டை எந்த இலையில் வைக்கப்படுகிறதோ அதுதான் குஞ்சின் தலைவிதி. எங்கள் லயத்து விளக்கு அதைச் சுவருக்கு இழுத்துவிட்டது. நான் எடுக்காமல் விட்டிருந்தால் 109 குஞ்சும் சுண்ணாம்புச் சுவரில் நடந்து நடந்தே முடிந்திருக்கும்.

மற்ற சாவுகள்

அனோதாப் பெட்டி முழுவதும் போனது என் சோம்பலால். அடைமழை வாரம், இலையைத் துடைக்காமல் போட்டுப் பொலித்தீனால் மூடிவிட்டேன். மூடியில் வியர்த்தது, எச்சத்தில் பூஞ்சணம் பிடித்தது. மூன்றாம் நாள் பதினான்கும் கறுத்து, பின்காலால் தொங்கி, உள்ளே நீராகக் கரைந்திருந்தன. தொட்டால் தோல் கிழிந்து வழியும். அந்த நாற்றத்தை எழுத விரும்பவில்லை. அதற்குப் பிறகு பெட்டிக்கு மூடி கிடையாது, பழைய நுளம்பு வலைதான். கிளையைத் தண்ணீர் போத்தலில் செருகி, போத்தல் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கி உள்ளே போய் மூழ்கிச் சாகும். அதையும் இரண்டு தடவை பார்த்தேன்.

கறுவாப் பெட்டியில் நாலாம் தோலுக்கு வந்தவை 33. அவற்றில் 18 ஐக் கானுக்கு மேலே இருக்கும் கறுவாப் பற்றையில் விட்டேன். வலை தைத்து முடியவில்லை, இரண்டு நாள் திறந்தே கிடந்தன. அந்த இரண்டு நாள் போதுமாக இருந்தது. ஐந்து புழுவின் தோலில் வெள்ளைப் புள்ளிகள், ஈ வைத்த முட்டை. பட்டு வளர்ப்பவர்கள் ஊசி ஈ என்று சபிக்கிற கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று. அதன் புழு உள்ளே போய், பட்டுப் புழுவை உயிரோடு வைத்தபடியே தின்று, பிறகு துளைத்து வெளியே விழும். ஐந்தும் முடிந்தன. வலையில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் குருவி ஒன்றை எடுத்தது. மீதி 12 வலைக்குள் நன்றாக வளர்ந்தன. பெட்டிப் புழுக்களை விடப் பருமன். வாடாத இலை, ஓயாத காற்று, உயிருள்ள கிளை. வீட்டுக்குள் எவ்வளவு பாடுபட்டாலும் அது வராது.

கூடு

டிசம்பர் இரண்டாம் வாரம், பொரித்து ஐம்பது நாள் அளவில், கட்டத் தொடங்கின. முதலில் தின்பதை நிறுத்தி, வயிற்றைக் கழுவினதுபோல் நீராகக் கழித்தன. அடுத்து நடந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இலையைத் தெரிந்தெடுத்தது. இலைக்குள் போகவில்லை. இலைக்காம்புக்குப் போய், காம்பையும் கிளையையும் சேர்த்துப் பட்டு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியது. நாளைக்கு இலை காய்ந்து உதிரும் என்று அதற்கு யார் சொன்னது? காம்பைக் கட்டிய பிறகுதான் இலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே நெய்தது. இலை காய்ந்து பழுத்துக் கருகினாலும் கூடு கிளையில் தொங்கிக்கொண்டே இருக்கும், உதிராத ஒரு சருகு மாதிரி. பற்றையில் கட்டிய பன்னிரண்டில் மூன்றைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் ஆனது.

மொத்தம் 34 கூடுகள். பற்றையில் 12, கறுவாப் பெட்டியில் 11, கொய்யாவிலேயே வைத்த பத்தில் 8, இலை மாறித் தப்பிய ஆறில் 3. அந்த மூன்றும் சிறுத்துப் போயிருந்தன.

மல்பெரி தின்னும் பட்டுப்புழுவின் கூடு ஒரே நீள நூல். அவித்து இழுத்தால் அறுபடாமல் வரும். அது வேறு குடும்பம். இதன் கூடு காகிதம் போலத் தடித்த பழுப்பு உறை, நூல் துண்டு துண்டாக இருக்கும், இழுக்க வராது, நூற்கத்தான் வேண்டும். மேல் முனையில் வாசலை முதலிலேயே விட்டுவைத்துத்தான் கட்டுகிறது. அதனால் அந்து கூட்டைக் கிழிக்காமல் வெளியே வரும், வெறுங்கூடு முழுசாக மிஞ்சும். தாய்வானில் இந்த வெறுங்கூட்டுக்குச் சிப் தைத்துக் காசுப் பையாகப் பாவிப்பார்களாம் என்று சொன்னேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மறுவாரமே ஊக்கு குத்தி, பஸ் காசை அதில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இங்கே இன்னொரு பிழை. குளிர் கூடிய மார்கழி, கூடுகளுக்குக் கதகதப்பு வேண்டும் என்று அப்பாயியின் அடுப்புக்கு மேலே எட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். "பாவம், குளிருதோ என்னமோ" என்று அவரும் சேர்ந்து சொன்னார். குளிர் அவற்றைக் கொல்லாது. வறட்சிதான் கொல்லும். எட்டில் ஐந்து உள்ளேயே காய்ந்துவிட்டன. மூன்று வெளியே வந்தன, ஆனால் சிறகு விரியவில்லை. நசுங்கிய துணி மாதிரிச் சிறகோடு தரையில் தத்தி, இரண்டொரு நாளில் முடிந்தன. மற்ற 26 ஐயும் உடனே திண்ணைக்கு மாற்றி, நாளுக்கொரு தரம் தண்ணீர் தெளித்தேன்.

திண்ணையில் வந்த விருந்தாளி

தைப்பொங்கல் முடிந்து பத்து நாளில் திண்ணைக் கூடுகளில் முதல் அந்து வந்தது. காலை எட்டு மணி, பாடசாலைக்குத் தாமதம், ஆனால் யார் போவது? பருத்த உடம்பும் தபால்தலை அளவு சுருங்கிய சிறகும். கூட்டைப் பிடித்துத் தொங்கியது. உடம்பிலிருந்து சிறகு நரம்புக்குள் நீர் ஏற ஏறச் சிறகு கீழே வழிந்து விரிந்தது. ஒரு மணித்தியாலம் எடுத்தது விரிய, உலர இன்னும் சில. தொங்க இடம் கிடைக்காமல் தரையில் வந்தால் சிறகு கோணிவிடும், ஆகவே கூட்டைப் பெட்டிக்குள் படுக்கவைக்கவே கூடாது.

அது பெண். வலைக் கூண்டில் திண்ணைக் கைமரத்தில் தொங்கவிட்டேன். இரவில் வயிற்று நுனியை நீட்டி அசையாமல் இருந்தது. பெரமோன் என்கிற மணத்தை அது காற்றில் விடுகிறது. நமக்கு ஒன்றும் தெரியாது. ஆணின் இறகு போன்ற அகன்ற உணர்கொம்புக்கு அது கிலோமீற்றர்க் கணக்கில் எட்டும். முதல் இரவு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இரவு மூன்று மணிபோல் வலையில் படபடப்பு. டோர்ச் அடித்தால் வெளியே ஒரு ஆண். திண்ணைக் கூடுகளில் அதுவரை வேறு எதுவும் திறக்கவில்லை. ஆகவே அது மலையிலிருந்து வந்தது.

அந்த ஆண் எங்கே வளர்ந்தது என்பது என்னை விடவில்லை. தேயிலை மலையில் அல்ல என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் பிள்ளைகளோடு கான் வழியே மேலே போய்த் தேடினோம். தேயிலை முடிகிற இடத்தில், யாரும் கவ்வாத்துப் பண்ணாத ஓடைச் சரிவில், காட்டுக் கறுவாவும் கொய்யாவும் பின்னிக் கிடந்தன. பழைய வெறுங்கூடு நான்கு எடுத்தோம். எல்லாம் கறுவாவில். புல்லுவெட்டோ களைநாசினியோ எட்டாத ஒரு விளிம்பு அது, அகலம் பத்துப் பதினைந்து அடி இருக்கும்.

கூடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் எடுத்தது வெறுங்கூடு, அதுவும் ஊரோரத்தில். சரணாலயத்துக்குள் பூச்சியைத் தொடுவது விளையாட்டு அல்ல. யால பூங்காவில் சாடி சாடியாகப் பூச்சி பிடித்த இரண்டு வெளிநாட்டவர்களுக்கு நீதிமன்றம் 2024 இல் 6 கோடி ரூபா அபராதம் போட்டது.

தூங்கியவை

26 கூட்டில் 14 தை, மாசியில் திறந்தன. பெண்களைக் காட்டு ஆண் வந்த பிறகு கறுவாப் பற்றையில் விட்டேன். எதுவும் பத்து நாள் தாண்டவில்லை. 12 திறக்கவே இல்லை. பங்குனி வெயிலில் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கனமாக "தொப்" என்று தட்டினால் உயிர் இருக்கிறது. சருகு மாதிரிச் சலசலத்தால் போய்விட்டது. பன்னிரண்டும் கனமாகவே இருந்தன. ஒரே தாய், ஒரே நாளில் பொரித்தவை, ஒரே திண்ணை. பாதி வந்துவிட்டன, பாதி தூங்குகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து, அந்த வாரம் பார்த்துப் புயலோ வறட்சியோ அடித்தால் வம்சமே முடிந்தது. பங்கு பிரித்து வைக்கிற ஏற்பாடாக இதைப் பார்க்கிறேன்.

சித்திரை வருசப் பிறப்பு கழிந்து மாலை இடிமழை தொடங்கிய மூன்றாம் நாள் ஒன்று திறந்தது. மே முடிவதற்குள் ஒன்பது. பத்தாவதிலிருந்து ஈயின் புழுக்கள் துளைத்துக்கொண்டு விழுந்தன. தோலில் முட்டைப் புள்ளி எதையும் நான் காணாத ஒரு புழு கட்டிய கூடு அது.

இரண்டு கூடு மிச்சம். இரண்டும் இலை மாறித் தப்பிய மூன்றில் சேர்ந்தவை, சின்னக் கூடுகள். ஒன்று ஜூனில் சலசலக்கத் தொடங்கியது. வெட்டிப் பார்த்தேன், உள்ளே கூட்டுப்புழு உளுந்துத் தோல்போலக் காய்ந்திருந்தது. மற்றது இன்னும் கனக்கிறது. திண்ணைக் கைமரத்தில், அதே ஆணியில் தொங்குகிறது. வெட்டின கொய்யாவின் அடிமரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தளிர் வந்திருக்கிறது. அந்த வீட்டு அக்கா போன வாரம் கூப்பிட்டு, "டீச்சர், இந்த எலையில ஒங்க பூச்சி ஏதும் இருக்குதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க, நான் உடுப்ப வேற பக்கம் காயப்போடுறேன்" என்றார். இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். அதுவரைக்கும் ஒன்றும் இல்லை.